நீ தேய்த்து மெருகேற்றிய துப்பாக்கி

மகனே,

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கலாமா என்று உன் தங்கச்சி கேட்டாள். பொய்யில் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் வேதியியல் புத்தகத்தை விரித்து, அதற்குள் இந்தத் தாளை வைத்திருக்கிறாள். அப்பா மக்காச்சோளக் காவலுக்குக் கொல்லைக்குப் போயிருக்கிறார். தெருவில் நாய் குரைத்தால் புத்தகத்தை மூடிவிட்டு வாசலைப் பார்க்கிறாள். "அப்பா வந்து என்ன எழுதுறேன்னு கேட்டா என்னம்மா சொல்றது?" என்கிறாள். பாடம் எழுதுகிறேன் என்று சொல் என்றேன். நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதாமல் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவதுபோல் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். அப்படி எழுதினால் பயம் கொஞ்சம் குறைகிறதாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் போன் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உன் தங்கச்சி வைத்திருந்ததையும் பரீட்சை முடியட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். உண்மையான காரணம் பரீட்சை இல்லை. கார்த்திகையிலிருந்து அவர் உன்னோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசுவதை நீ கவனித்தாயா? குளிருது என்றார். நீயும் சுவெட்டர் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாய். அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பொங்கலுக்கு நீ வந்ததும், கல்யாணத்துக்கு முன்னாலேயே, உனக்கு இன்னொரு துப்பாக்கி பார்க்க அப்பா உன்னைப் பச்சைமலை அடிவாரத்துக்கு அழைத்துப்போவார். நீ போகக் கூடாது. போகமாட்டேன் என்று உன் வாயால் அவரிடமும் உன் மாமனாரிடமும் சொல்ல வேண்டும். அவர்களிடம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். பொம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

முதல் துப்பாக்கி நாம் வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செட்டிகுளம் மலைக்கோயிலில் பூ வைத்துவிட்டுத் திரும்புகிற வழியில், உன் மாமனார் கொல்லைக் காவலுக்கு உனக்குத் துப்பாக்கி வாங்குவதையும் நல்ல நாளிலேயே முடித்துவிடலாம் என்று அப்பா வண்டியை மலைப்பக்கம் திருப்பச் சொன்னார். பெண் பார்த்த முகத்தோடு நீ உட்கார்ந்திருந்தாய். துப்பாக்கி விற்கிற ஆள் தன் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலை விலக்கி மூன்று நாட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தான். மூன்றுமே வாய்வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய சாதி. எதற்கும் லைசென்ஸ் கிடையாது. நான் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, ஆனால் எல்லாம் கேட்டது. நீ எடுத்த எடுப்பில் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாய். அந்த ஆள் சிரித்தான். "தம்பி, நீங்க கட்டையப் பாத்து மயங்குறீங்க. கட்டை என்னங்க, எந்த ஆசாரியும் செஞ்சு குடுப்பான். குழலப் பாருங்க. வாயில ஊதுங்க, காத்து பின்னாடி வருதான்னு பாருங்க. குதிரைய இழுத்து விடுங்க, ஸ்பிரிங்கு சோம்பலா இருக்கான்னு பாருங்க." நீ ஊதவும் இல்லை, இழுக்கவும் இல்லை. போனை எடுத்துப் படம் பிடித்தாய். நீண்ட குழலும் வாகைக் கட்டையும் உள்ள அந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்றாய். "பையன் கண்ணு நல்ல கண்ணு" என்று அப்பா பெருமைப்பட்டார்.

அப்போது அந்த ஆள் ஒன்று சொன்னான். அதை நீ கேட்டிருக்க வேண்டும். குழலுக்கு அடியில் செருகியிருந்த கஜக்கோலை, அதுதான் மருந்தை உள்ளே தள்ளிக் கெட்டிக்கிற குச்சியை, உருவிக் காட்டினான். "இதுல ரெண்டு வெட்டு இருக்கு பாருங்க. வெறுங்குழல்ல விட்டா மேல் வெட்டு வரைக்கும் உள்ள போயிடும். மருந்தும் ரவையும் கெட்டிச்சிருந்தா கீழ் வெட்டோட நிக்கும். ராத்திரில லைட்டு அடிக்க முடியாது, பன்னி ஓடிரும். கட்டை வெரலால தடவுனா போதும், உள்ள இருக்கா இல்லியான்னு தெரிஞ்சிரும். எங்க ஆளுங்க யாரு கெட்டிச்சாலும், அடுத்த ஆளு முதல்ல இதைத்தான் தடவிப் பாப்பான்." அப்பா அந்தக் குச்சியை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். நீ பூ வைத்த பெண்ணுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாய்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நீ வந்தபோது நம் வீட்டுப் பின்வாசலில் நடந்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரஞ்சன்குடி கோட்டையில் எடுக்கப்போகிற கல்யாணப் படத்துக்குத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்கு அது புதுசுபோல் இருக்க வேண்டும் என்றாய். போனில் எவனோ வெள்ளைக்காரன் செய்து காட்டுவதைச் செங்கல்லில் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தாய். கண்ணாடிச் சில்லால் கட்டையில் இருந்த கறுப்பைச் சுரண்டினாய். அடிபட்டுக் குழிந்த இடங்களில் ஈரத் துணியைப் போட்டு என் இஸ்திரிப் பெட்டியை வைத்து எழுப்பினாய். பெட்டியின் அடி இன்றும் ஒட்டுகிறது. குழலுக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாய். ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் கொண்டுவந்து, கை வெந்துவிடும் என்று பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பூசினாய். உன் தங்கச்சி கேலி செய்தாள்: "என்னண்ணே, பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி வைக்கிற? வளையலும் போட்டு வுட்டுரு." நீ அவள் மூக்கில் எண்ணெய் தடவ ஓடினாய். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுது என்று சொன்னால் அவள் எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குச்சி மட்டும் சொரசொரப்பாகக் கிடந்தது. துப்பாக்கி இவ்வளவு அழகாக இருக்கும்போது இது மட்டும் விறகுக் குச்சி மாதிரி இருக்கிறதே என்றாய். உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் இழுத்தாய். தாள் தேயத் தேய வேறு தாள் போட்டாய். பிறகு வார்னிஷ் அடித்துக் கொடியில் தொங்கவிட்டாய். வெயிலில் அது கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு அந்த வெட்டுகள் நினைவு வரவில்லை. துப்பாக்கி பிடிக்கிற ஆள் நானில்லை. பிடிக்கப்போகிறவன் நீ. உனக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்வது உனக்குப் புதிது இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது, ஆயுத பூஜைக்குக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெள்ளி பெயின்ட் அடித்தாய். பெட்டியை மட்டும் அடித்தாயா? பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து அடித்துவிட்டாய். அப்பா எது ஓட்டுவது, எது நிறுத்துவது என்று தெரியாமல் ஒரு வாரம் தடுமாறினார். ஆனாலும் கொல்லைக்கு வந்தவர்களிடமெல்லாம் "என் பையன் அடிச்சது, எப்படி மின்னுது பாருங்க" என்று காட்டினார். ஒருவரும் உன்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நீ செய்கிற எல்லாமே அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. துப்பாக்கியைப் பார்த்ததும் அதே முகம்தான். கோட்டைக்கு எடுத்துப்போனால் போலீஸ் பிடிக்கும் என்று தடுத்தாரே தவிர, நீ ரெட்டிபாளையத்துக்கு வேலைக்குத் திரும்பிப் போன பிறகு தினமும் ஒருமுறை கோணியைப் பிரித்து அதைப் பார்த்துவிட்டுத்தான் காவலுக்குப் போவார். சிமெண்ட் தூசியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற பையன், ஆசாரி மாதிரி வேலை செய்திருக்கிறான் என்று எனக்குச் சொல்வார்.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் உன் மாமனார் நம் கொல்லைக்கு வந்தார். மாப்பிள்ளை வாங்கின துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பா காட்டிவிட்டு மோட்டார் போடப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் உன் மாமனார் மருந்தும் பால்ரஸ் இரும்புக் குண்டும் போட்டுக் கெட்டித்திருக்கிறார். ஒரு வெடி வெடித்துப் பார்க்கலாம் என்று ஆசை. அதற்குள் வனத்துறை ஜீப் சத்தம் கேட்டிருக்கிறது. கோணியில் சுற்றிக் காவல் பரணுக்கு அடியில் வைத்துவிட்டு, அப்பா வந்ததும் வெங்காய விலையைப் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருக்கிறது என்று சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி பன்றி இறங்கியது. அப்பா துப்பாக்கியை எடுத்துக் குச்சியை உள்ளே விட்டுக் கட்டை விரலால் தடவினாராம். ஒன்றும் தட்டுப்படவில்லை. வழவழ என்று இருந்ததாம். வெட்டே இல்லை என்று ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை. நீ செய்த வேலையாயிற்றே. தன் விரல்தான் சரியாகத் தடவவில்லை, தான் கெட்டிக்காத குழல் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொரு கெட்டிப்பு மருந்தும் ரவையும் போட்டார்.

சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. பன்றிக்கு வைக்கிற வெடி மாதிரி இல்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வரப்பில் அவரே நடந்து வந்துகொண்டிருந்தார், கையைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு. குழல் குதிரைக்குப் பக்கத்தில் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்தது. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ பூசின எண்ணெய் அப்படியே இருந்தது. ஆட்டோவில் டவுனுக்குப் போகிற வழி முழுக்க அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. "கோட்டைக் காணோம், கோட்டைக் காணோம்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்தேன். குச்சியில் இருந்த வெட்டுக் கோட்டைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியபோது ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. என் சேலையைப் பிடித்து இழுத்து, "அவங்கிட்ட சொன்னே, கொன்னுருவேன். கல்யாணம் முடியட்டும். இல்ல, முடிஞ்சும் சொல்லாதே" என்றார்.

சோளம் அடிக்கிற மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னோம். அந்த அம்மா காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க மிஷின்ல கரி பூசியிருக்குமா?" என்றார். "போலீசுக்குச் சொல்லணும்மா நான்" என்றார். உன் அப்பா படுத்தபடியே இடது கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? அந்த அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிச்சம். நடுவில் ஒன்றும் இல்லை. துப்பாக்கி என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோது, போலீஸ் சோதனைக்குப் பயந்து கிணற்றில் போட்டுவிட்டேன் என்று அப்பா சொன்னாரே, அது எருக்குழியில் புதைந்து கிடக்கிறது. நீ அப்போது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எவ்ளோ கஷ்டப்பட்டுத் தேய்ச்சேன், இப்பிடி பண்ணிட்டியேப்பா" என்றாய். அவர் "தப்புதாம்பா" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் உன் தங்கச்சியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட்டாள். "வேணாம்மா, இதை எழுத வேணாம். அண்ணன் தாங்காது" என்கிறாள். நீ தாங்க வேண்டும். ஒருத்தர் கெட்டித்ததைச் சொல்லவில்லை. ஒருத்தன் வெட்டுகளைத் தேய்த்துவிட்டான். கை போனவர் மட்டும் இரண்டு பேருக்காகவும் பேசாமல் இருக்கிறார். உன் மாமனார் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "நான் கெட்டிச்சு வச்சிருந்தேன் சம்பந்தி, சொல்லணும்னுதான் இருந்தேன், பேச்சுவாக்குல மறந்துட்டேன்" என்றார். குடையை மறந்துவிட்டு வந்தவர் சொல்வதுபோல் சொன்னார். அப்பா "அதனால என்னங்க" என்றார். பெண் கொடுக்கிறவர் என்ற மரியாதை. அதற்குப் பிறகு அவர் கேட்டது இதுதான்: "மாப்பிள்ளைக்கு இனிமே வேற ஒண்ணு பாக்கணுமே?"

நான் அவர் வீட்டுக்கே போனேன். அப்பாவுக்குத் தெரியாமல், மருந்து வாங்கி வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனேன். என் மகன் வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் கொல்லையில் பாடுபடட்டும், உழட்டும், வெங்காயம் நடட்டும், ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பரணில் படுக்கமாட்டான் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "என்னம்மா பேசுறீங்க. மலையடியில கொல்லைய வச்சிக்கிட்டு, பன்னிக்குப் பாதி, எனக்குப் பாதின்னு எத்தினி வருஷம் வெள்ளாமை பண்றது? காவலுக்கு ஒரு ஆம்பளை வேணும்னுதானே பொண்ணு குடுக்கிறேன். தகரத்தைத் தட்ட எனக்கு மாப்பிள்ளை எதுக்கு?" உள்ளே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கும்போது மெதுவாக, "மாமாவுக்குக் கை எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அதனால் சொல்கிறேன், கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அப்பாவிடம் துப்பாக்கி வேண்டாம் என்று சொல். அதற்காக அவர் பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்றால், நிறுத்துவது அவர். நீ ரெட்டிபாளையத்திலேயே இருந்துகொள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய பொருள் ஒன்று உன் கைக்கு வந்தால், அதில் இருக்கிற கீறலும் வெட்டும் எதற்கு இருக்கிறது என்று வைத்திருந்தவனிடம் கேள். கேட்ட பிறகு தேய். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய், அங்கேயும் முதலில் கேள். உன் மாமனார் ஏன் சொல்லாமல் போனார் என்று யோசித்துப் பார். அவர் கெட்டவர் இல்லை. தன் கொல்லை, தன் சோளம், இரண்டைத் தவிர அவருக்கு எதுவும் கண்ணில் படாது. இப்படிப்பட்டவர் கெட்டித்துக் கொடுக்கிற துப்பாக்கியை நம்பித்தான் நீ அடுத்த ஆளாகப் படுக்கப்போகிறாய்.

உன் அப்பா உனக்குப் பதில் சொல்லமாட்டார். அந்த மலையடிவாரத்து ஆளுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இந்தத் தடவை நல்ல குழலாகப் பார்க்க வேண்டும், பையனுக்குக் கட்டை பிடிக்கும், கட்டையும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தன் கைக்கு இப்படி ஆனது அவருக்குப் பெரிசில்லை. உன்னால் ஆனது என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதுதான் அவருக்குப் பெரிசு. இன்னொரு துப்பாக்கி உன் கையில் இருந்தால் முதல் துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறார். அதனால்தான் எனக்குப் பயம். என் பயம் உன் தங்கச்சிக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. அவர் இப்போது எங்களோடு சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். மாட்டுக்குத் துணை என்கிறார். நான் ஒருநாள் குழம்பு ஊற்றப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் பிசைந்துகொண்டிருந்தார். சோறு பாதி தரையில். என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பசியில்லை என்று எழுந்துவிட்டார். பொங்கலன்றைக்கு நீ வந்தாலும் உன்னோடு உட்காரமாட்டார், ஏதாவது சாக்குச் சொல்வார். நீ கேட்காதே. உன் இலையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போ. அவருக்கு எதிரில் உட்கார். அவர் எழுந்தால் நீயும் எழு. அவர் உட்காரும்வரைக்கும் நில். அந்தக் கையை நீ பார்ப்பதை அவர் பார்க்கட்டும். சாப்பிட்டு முடி. அதற்குப் பிறகும் எழுந்து கை கழுவிக்கொண்டு, மலைப்பக்கம் போகலாம் வா என்று அவர் கூப்பிட்டால், அப்போது சொல், வரமாட்டேன் என்று.

நாய் குரைக்கிறது. அவள் புத்தகத்தை மூடப் பார்க்கிறாள்.

உன் அம்மா